மண்டையோடு இருக்கிறது, மிருகம் எங்கே?

2022 இல் வந்த 'மொன்ஸ்டர் ஹன்டர் ரைஸ்: சன்பிரேக்' விளையாட்டில் ஒரு பெரிய நண்டு வரும். பெயர் ஷோகன் ஸியனடோர். கடற்கரையில் சங்குக்குள் குடியிருக்கிற சின்ன நண்டுகளைப் போல இதுவும் முதுகில் ஒரு கூட்டைச் சுமந்துகொண்டுதான் திரியும். அந்தக் கூடு, கிராவியோஸ் என்கிற இராட்சத மிருகத்தின் மண்டையோடு. சரி, அந்தக் கிராவியோஸையும் ஒருக்கால் பார்ப்பம் எண்டு தேடினால், சன்பிரேக் முழுக்க அது இல்லை. அதன் குட்டியான பசாரியோஸ் இருக்கிறது. செத்த பிறகு மிஞ்சிய மண்டையோடு இருக்கிறது. குட்டிக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் உயிரோடு நிற்கவேண்டிய மிருகத்தை மட்டும் காணவில்லை.

மூன்று வருடம் கழித்து, 2025 பெப்ரவரி 28 இல் 'மொன்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' வந்தது. கிராவியோஸ் திரும்பி வந்தது. கனபேர் துள்ளிக் குதித்தார்கள், நாங்களும்தான். ஆனால் இந்த முறை குட்டி இல்லை. மண்டையோட்டைச் சுமந்த நண்டும் இல்லை. போன முறை உறவுக்காரர் எல்லாம் வந்து ஆள் வரவில்லை, இந்த முறை ஆள் தனியாக வந்து நிற்கிறார்.

இதெல்லாம் ஒரு பிரச்சினையா எண்டு கேட்பவர்களோடுதான் எங்களுக்குச் சண்டை.

இந்தத் தொடரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜப்பானின் கப்கொம் நிறுவனம் 2004 இல் பிளேஸ்டேஷன் 2 இற்கு முதல் 'மொன்ஸ்டர் ஹன்டரை' வெளியிட்டது. நீங்கள் ஒரு வேட்டைக்காரர். காட்டுக்குள் போய் ஒரு பெரிய மிருகத்தைத் தேடி, அதனோடு மல்லுக்கட்டி, அதன் தோலிலும் எலும்பிலும் அடுத்த ஆயுதத்தைச் செய்வீர்கள். கேட்க வெறும் கொலைவெறி போல இருக்கும். ஆனால் மிருகத்தின் உயிர் எவ்வளவு மிச்சம் எண்டு திரையில் எந்தக் கோடும் காட்டாது. அது நொண்டுகிறதா, வாயால் நீர் வழிகிறதா, எங்கே போய்ப் படுக்கிறது என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் அறியவேண்டும். மிருகத்தைப் படிக்காதவர் தோற்பார். கையின் வேகம் அதற்குப் பிறகுதான். இந்தத் தொடரை மற்ற அடிதடி விளையாட்டுகளிலிருந்து பிரித்து வைப்பது இதுதான்.

இப்போது வைல்ட்ஸுக்குப் பெரிய விரிவாக்கம் ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாகக் கப்கொம் அறிவித்துவிட்டது. அறிவித்த கையோடு ஆசைப்பட்டியல்கள் தொடங்கிவிட்டன. எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதே முகங்கள்: ஸினோகர் வேணும், நர்காகுகா வேணும், டிகிரெக்ஸ் வேணும். எல்லாம் ஒவ்வொரு பாகத்தின் பெட்டி அட்டையில் பெரிதாக நின்ற மிருகங்கள். தேர்தல் சுவரொட்டி போல, வருடா வருடம் அதே பத்துப் பேர்.

எங்களுக்கு ஸினோகரோடு எந்தக் கோபமும் இல்லை. அது வந்தால் முதல் நாளே போய் அடிவாங்கப் போவது நாங்கள்தான். எங்கள் கோபம் 'திரும்பி வருதல்' என்பதை ரசிகர்களும் நிறுவனமும் சேர்ந்து எவ்வளவு சின்னதாக்கிவிட்டார்கள் என்பதில். ஒரு மிருகம் திரும்பி வருவது என்றால் அதன் உருவமும் அதன் இசையும் திரும்பி வருவது மட்டும் எண்டு ஆகிவிட்டது. நாங்கள் கேட்பது வேறு. அது எதைத் தின்றது, எதற்குப் பயந்தது, யாருடைய ஓட்டுக்குள் குடியிருந்தது, அதன் குட்டி எங்கே? இவையும் திரும்பி வரவேண்டும். கூத்தில் ராசா மட்டும் வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டு இறங்கினால் அதைக் கூத்து எண்டு யாரும் சொல்லமாட்டார்கள். கட்டியகாரன் வேணும், மந்திரி வேணும், தூதுவன் வேணும். அப்போதுதான் அவர் ராசா.

பழைய பாகங்களைச் செய்தவர்களுக்கு இது நல்லாய் விளங்கியிருந்தது. 2013 இல் வந்த நான்காம் பாகத்தில் நேர்ஸிலா என்றொரு இராட்சதச் சிலந்தி அறிமுகமானது. அது ஜிப்செரோஸ் என்ற, இறப்பர் போன்ற தோலுள்ள மிருகத்தைப் பிடித்துத் தின்று, அந்தத் தோலையே உரித்துப் போர்வையாகப் போட்டுக்கொண்டு திரிந்தது. அதைப் பார்த்ததும் இரண்டு மிருகங்களின் கதை ஒரே நேரத்தில் விளங்கும். யாரும் வந்து விளக்கம் சொல்லத் தேவையில்லை. பட்டியல்காரர்களின் தலைமகனான ஸினோகரையே எடுங்கள். 2010 இல் அது அறிமுகமானபோது, தன்னைச் சுற்றிப் பறக்கும் மின்னல் பூச்சிகளைக் கூட்டித்தான் அது தன் மின்சாரத்தைச் சேர்த்தது. அதை விழுத்திவிட்டு, வலையால் அந்தப் பூச்சிகளை நாங்கள் பிடிக்கலாம். அந்தப் பூச்சி இல்லாத ஸினோகர் வெறும் நீலநிற ஓநாய். அதாவது, நட்சத்திரம் எண்டு கொண்டாடப்படுகிற மிருகமும் ஒரு உறவின் பெயர்தான்.

இதற்கு வழக்கமாக வரும் முதல் பதில்: "இது பழைய நினைவுப் பைத்தியம். புதுசா ஏதாவது கேளுங்கோ."

இதென்ன கதை? லகியாக்ரஸும் குருபெகோவும் கிகினொக்ஸும் வந்த மூன்றாம் பாகம் 2009 இல் நின்டெண்டோ வீயில் வெளியானது. அப்போது எங்களில் பலருக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு நாடா கட்டத் தெரியாது. நாங்கள் விளையாடாத ஒன்றின் நினைவு எங்களுக்கு எப்படி வரும்? எங்களில் முக்கால்வாசிப் பேர் இந்தத் தொடரைக் கண்டதே போனில், பிஎஸ்பி எமுலேட்டரில் ஓடிய 'பிரீடம் யுனைட்டில்'. அது வெளியாகிக் கனகாலத்துக்குப் பிறகு. பொத்தான்கள் கண்ணாடிக்கு மேல் வரைந்த வட்டங்கள். பற்றரி சூடாகிக் கையைச் சுடும். அதிலே கெஸு என்றொரு கண்ணில்லாத வெள்ளை மிருகம் குகைக் கூரையில் தொங்கும். மற்ற மிருகங்களோடு சண்டை தொடங்கினால் இசை எழும். கெஸுவோடு எழாது. தண்ணீர் சொட்டுகிற சத்தமும் உங்கள் காலடிச் சத்தமும்தான். எங்களுக்கு அது 'பழைய' மிருகமாகப் படவே இல்லை. அதுவரை எந்த விளையாட்டிலும் பார்க்காத புது மிருகமாகத்தான் பட்டது. பழசு, புதுசு என்பது வெளியான திகதியைப் பொறுத்த கணக்கு. காணாத ஒருவருக்கு எல்லாமே புதுசு.

இனி, உண்மையில் எங்களைக் கவலைப்படுத்துகிற விசயத்துக்கு வருவோம். இந்த மிருகங்கள் திரும்பி வராவிட்டால் அவை எங்கே இருக்கின்றன? "பழைய விளையாட்டில இருக்குதானே, அதை விளையாடுங்கோ" எண்டு சொல்வது சுகம். குருபெகோ, கிகினொக்ஸ், கோபுல் ஆகிய மூன்றையும் முதன்மை வேட்டைப் பாகங்களில் கடைசியாகப் பார்த்தது '3 அல்டிமேட்டில்'. அது நின்டெண்டோ 3டிஎஸ்ஸிலும் வீ யூவிலும் வந்தது. அந்த இரண்டு இயந்திரங்களுக்குமான இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். சேர்ந்து விளையாடுவதற்கான இணையச் சேவையை 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். இனி அந்த மிருகங்களைப் பார்க்க வேண்டுமானால் பழைய இயந்திரத்தையும் பழைய அட்டையையும் எங்கேயாவது தேடிப் பிடிக்கவேண்டும். எங்கள் ஊரில் புதிதாக இருந்தபோதே எந்தக் கடையிலும் கிடைக்காத இயந்திரம் அது.

இதைவிட மோசமான கதையும் இருக்கிறது. 'மொன்ஸ்டர் ஹன்டர் பிரொன்டியர்' 2007 இலிருந்து ஜப்பானில் இணையத்தில் மட்டும் நடந்த பாகம். தனக்கென்று நிறைய மிருகங்களை வைத்திருந்தது. 2019 டிசம்பரில் அதன் சேவையகங்களை நிறுத்தினார்கள். ஒரு நாள் இருந்தது, மறுநாள் இல்லை. பன்னிரண்டு வருடக் காடு ஒரே இரவில் போய்விட்டது. காசு கொடுத்து விளையாடியவர்களின் கையிலும் எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் காட்டிலிருந்து எஸ்பினாஸ் என்ற, பக்கத்தில் போனாலும் கணக்கெடுக்காமல் தூங்குகிற முள் மிருகம் 2022 இல் சன்பிரேக்குக்கு வந்து சேர்ந்தது. அது வந்ததால் இன்று உலகம் முழுக்க அதை விளையாடுகிறார்கள். கூட இருந்தவற்றில் பெரும்பாலானவை வரவில்லை, அதனால் அவற்றைச் சட்டப்படி விளையாட ஒரு வழியும் இல்லை.

ஆகவே இந்தத் தொடரில் 'திரும்பி வருதல்' ரசிகருக்குக் கொடுக்கிற மிட்டாய் அல்ல. ஒரு மிருகம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற ஒரே வழி அது. அப்படியிருக்க, அந்த வழியில் யாரை விடுவது என்பதைப் புகழ்வாக்கெடுப்பிடம் கொடுப்பது நியாயமா? வாக்கெடுப்பில் வெல்வது ஏற்கனவே எல்லாரும் அறிந்த மிருகம். அறிந்தது திரும்ப வரும், வந்ததால் இன்னும் பேர் அறிவர், அதனால் அடுத்த வாக்கெடுப்பிலும் அதுதான் வெல்லும். அறியாதது ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் மறக்கப்படும். கோபுலுக்கு யாரும் வாக்குப் போடவில்லை எண்டு சொல்லாதீர்கள். கோபுலைப் பார்க்க ஒருத்தருக்கும் வழி விடாமல் எப்படி வாக்குக் கேட்கிறது?

இரண்டாவது பதில் கொஞ்சம் நேர்மையானது: "ஒரு மிருகத்தைச் செய்ய இப்ப எவ்வளவு வேலை தெரியுமா?" தெரியும். 2017 இல் ஜப்பானில் 3டிஎஸ்ஸுக்கு வந்து பிறகு 'ஜெனரேஷன்ஸ் அல்டிமேட்' என்று உலகமெங்கும் வெளியான பாகத்தில் 93 பெரிய மிருகங்கள் இருந்தன. வைல்ட்ஸ் வெளியானபோது அதில் முப்பதைத் தொடவில்லை. ஒவ்வொரு மயிரும் காற்றில் அசையவேண்டும், ஒவ்வொரு செதிலிலும் மழைத்துளி வழுக்கவேண்டும் என்றால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். அதைச் செய்கிற தொழிலாளர்களை இரவு பகலாகக் கசக்கிப் பிழிந்து 93 மிருகம் கொண்டுவா என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம்.

ஆனால் அந்த மழைத்துளி யாருக்காக? வைல்ட்ஸ் வந்தபோது கணினியில் அது சீராக ஓடவில்லை என்பதுதான் உலகம் முழுக்க எழுந்த முதல் முறைப்பாடு. நல்ல கணினி வைத்திருந்தவர்களே தலையில் கைவைத்தார்கள். எங்கள் லப்டொப்களில் மிருகத்தின் தோல் உருகிய பிளாஸ்டிக் போலத்தான் தெரிந்தது. காணமுடியாத செதிலுக்குச் செலவழித்த உழைப்பில் ஒரு பங்கை, காணக்கூடிய ஒரு நண்டுக்குச் செலவழித்திருந்தால் என்ன? முதல் மாதத்திலேயே ஒரு கோடிப் பிரதிகள் விற்ற விளையாட்டு இது. காசில்லை என்ற கதையை எங்களிடம் சொல்லவேண்டாம். காசை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

செலவு கூட என்பதாலேயே தெரிவு முக்கியம். ஐந்து மிருகம்தான் கொண்டுவரலாம் என்றால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து நட்சத்திரங்களைக் கொண்டுவருவதா, ஏற்கனவே உள்ளவற்றோடு கைகோர்க்கிற ஐந்தைக் கொண்டுவருவதா? முதல் வழியில் ஐந்து சண்டை கிடைக்கும். இரண்டாவது வழியில் ஐந்து சண்டையோடு, ஏற்கனவே இருக்கிற மிருகங்களுக்கும் புது வாழ்க்கை கிடைக்கும்.

போலித் திரும்புதலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமுடியாது. 2025 முழுக்க வைல்ட்ஸுக்கு வந்த இற்றைப்படுத்தல்களில், ஏற்கனவே உள்ள மிருகங்களையே கூடிய பலத்தோடு திருப்பி அனுப்பினார்கள். அதே ரே டாவ், அதே ஊத் டூனா, அதே நூ உட்ரா. இன்னும் வலிக்க அடிக்கும், இன்னும் மெதுவாகச் சாகும், இன்னும் வடிவான கவசம் தரும். நேற்றைய குழம்புக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள் கூடப் போட்டுவிட்டு "புதுக்கறி" எண்டு பரிமாறினால் வீட்டில் சும்மா விடுவார்களா? நாங்கள் மட்டும் ஏன் விடுகிறோம்?

கப்கொம்முக்குச் சரியாகச் செய்யத் தெரியாது எண்டு நாங்கள் சொல்லவில்லை. தெரியும் என்பதால்தான் இவ்வளவு கதைக்கிறோம். முதல் பாகத்திலிருந்தே புதியவர்களுக்கு வேட்டை பழக்கிய யியன் குட்கு என்ற பெரிய சொண்டுக்காரப் பறவை வைல்ட்ஸில் திரும்பி வந்தது. கூட்டமாக வந்தது. அந்த ஒரு மாற்றத்தால் எல்லாரும் லேசாக நினைத்த பறவையை மறுபடி படிக்கவேண்டியதாயிற்று. 2025 ஜூன் 30 இல் லகியாக்ரஸ் வந்தபோது, நான்காம் பாகத்தோடு கைவிட்ட தண்ணீருக்கடிச் சண்டையை, கொஞ்ச நேரத்துக்கு என்றாலும், அதனோடு கூட்டி வந்தார்கள். அது வாழ்ந்த இடத்தோடு வந்தது. டிசம்பரில் கொக்மாசியோஸ் வந்தது. 2014 இல் நான்காம் பாகத்தின் விரிவாக்கத்தில் முதன்முதல் தோன்றிய, உடம்பெல்லாம் தார் வழிகிற, கோட்டைகளின் வெடிமருந்தைத் தேடித் தின்கிற பூதம். பதினொரு வருடம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். பதினொரு வருடத்துக்குப் பிறகும் கொண்டுவர முடியும் என்றால், "இனி முடியாது" என்பது எந்த மிருகத்துக்கும் சொல்லக்கூடிய காரணம் அல்ல. நூ உட்ரா என்கிற கணவாய் போன்ற மிருகத்தின் அத்தனை கைகளையும் தனித்தனியாக அசைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நண்டின் கால்கள் பெரிய வித்தையா?

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போகக்கூடாது. எங்கள் பட்டியல் இது. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறோம்.

பசாரியோஸ் வேணும். கிராவியோஸ் ஏற்கனவே நிற்கிறது, அதன் குட்டி இல்லை. பாறை எண்டு நினைத்து நீங்கள் தோண்டப்போகிற கல் எழும்பி நடக்கிற அந்த நொடியை இன்னொரு தலைமுறைக்கும் கொடுங்கள்.

ஷோகன் ஸியனடோர் வேணும். கிராவியோஸ் வாழ்கிற அதே நிலத்தில், கிராவியோஸின் மண்டையோட்டோடு. குட்டி, பெரியது, செத்தது மூன்றையும் ஒரே காட்டில் ஒருமுறையாவது காட்டுங்கள்.

ஷகாரு மகாலா வேணும். வைல்ட்ஸில் கோர் மகாலா இருக்கிறது. அது வளராத பருவம். தோலுரித்துப் பொன்னிறமாகிற பருவத்துக்கு இங்கே வழியே இல்லை. வளரவே முடியாத பிள்ளையாக அதை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?

குருபெகோ வேணும். மற்ற மிருகங்களின் குரலைப் போலப் பாடி, தான் அடிவாங்கும்போது அவற்றைத் துணைக்கு அழைக்கிற பறவை. அதற்குப் பெரிய பலம் இல்லை, மற்றவர்களை அறிந்து வைத்திருப்பதுதான் அதன் ஆயுதம். கூட்டம் கூட்டமாக மிருகங்கள் திரிகிற, இடைவெளியில்லாத வைல்ட்ஸின் நிலத்தில் இந்தப் பறவை ஒருமுறை கூப்பிட்டால் என்ன நடக்கும் எண்டு யோசித்துப் பாருங்கள். இது வாக்கெடுப்பில் ஒருபோதும் வெல்லாது. ஆனால் முழுக் காட்டையும் ஒன்றாக இழுத்துக் கட்டுகிற கயிறு இதுதான்.

கிகினொக்ஸ் வேணும். வைல்ட்ஸின் பனிப்பாறை நிலத்தில் குகைக் கூரைகள் சும்மா கிடக்கின்றன. தலை எது வால் எது எண்டு தெரியாத, முட்டைப் பையை ஒட்டிவிட்டுப் போகிற இந்த அருவருப்பான சீவனை வடிவில்லை என்பதற்காக ஒதுக்கிவிட்டார்களோ என்பது எங்கள் சந்தேகம். வடிவான மிருகங்கள் மட்டும் வாழ்கிற காடு காடல்ல, நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி.

கோபுல் வேணும். சேற்றுக்குள் புதைந்து, தலையில் ஒரு விளக்கை மட்டும் ஆட்டிக்கொண்டு காத்திருக்கிற மீன். லகியாக்ரஸ் எங்களைக் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் இழுத்தது. அந்தத் தண்ணீரில் வேறு யாரும் குடியில்லையா?

இந்த ஆறில் ஷகாருவைத் தவிர மற்றவற்றைப் பெட்டி அட்டையில் போட்டால் ஒரு பிரதிகூட மேலதிகமாக விற்காது. எங்களுக்கு அது தெரியும். ஸினோகரையும் டிகிரெக்ஸையும் அட்டையில் போடுங்கள், விற்றுக்கொள்ளுங்கள். விற்ற காசில் உள்ளே ஒரு காட்டைச் செய்யுங்கள்.

பட்டியல் போடுகிற நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த மிருகத்தின் பெயரை எழுதும்போது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதுங்கள். அது தின்கிற மிருகத்தின் பெயர், அல்லது அதைத் தின்கிற மிருகத்தின் பெயர், அல்லது அதன் மண்டையோட்டுக்குள் குடியிருக்கிற நண்டின் பெயர். எழுத இரண்டாவது பெயர் வரவில்லை என்றால், நீங்கள் கேட்பது மிருகத்தையா, அதன் தோலில் செய்த கவசத்தையா எண்டு ஒருக்கால் யோசியுங்கோ.